பாட்டரிக் கொட்டகையில் கேட்ட சொல்

1959 மார்ச் 12, வியாழக்கிழமை. காலை 11.40.

பெங்களூர் நீலசந்திராவில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் இன்ஸ்பெக்டர் ஹெர்பர்ட் நுழைந்தபோது, கிருஷ்ணப்பாவின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மார்பின்மேல் மூன்று ஆள் கனமுள்ள பாட்டரிப் பெட்டி கிடந்தது. அதன் உடைந்த மூலையிலிருந்து ஆசிட் கசிந்து சிமெண்டுத் தரையில் நுரைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்றது அவர் செய்த மூன்று சக்கரப் பாட்டரி வண்டி. குதிரை வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், சத்தமும் கிடையாது. நாளைக் காலை பத்து மணிக்கு அதிகாரிகள் வந்து ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. இன்னும் பத்து வருஷத்தில் ஊரெல்லாம் இதுதான் ஓடும், ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு கரண்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று கிருஷ்ணப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஹெர்பர்ட்டும் சிரித்தவர்தான். இப்போது அதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

பெட்டியைத் தூக்கிய கயிறு உத்தரத்துக் கப்பி வழியாக இறங்கி, தூணில் இரண்டு சுற்று சுற்றி, கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். கயிறு அறுந்திருக்கவில்லை. யாரோ கொக்கியிலிருந்து எடுத்து விட்டிருக்கிறார்கள்.

ஹெட் கான்ஸ்டபிள் ஜெயராமன் அதற்குள் வழக்கையே முடித்துவிட்டிருந்தார். அவருடைய நோட்டில் பக்கத்து வீட்டுச் சரசுவின் வாக்குமூலம் தமிழில் இருந்தது: ‘11.10 மணிக்குக் கிருஷ்ணப்பா பிடி, பிடி என்று கத்தினார்.’ கயிறு பிடிப்பது மெக்கானிக் ஜெயவேலுவின் வேலை. சோதனையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி நேற்று முதலாளியோடு சண்டை போட்டவனும் அவனே. பிடிக்கச் சொன்னபோது வேண்டுமென்றே விட்டுவிட்டான். நான்கு மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டியதுதான் பாக்கி.

ஜெயவேலு விலங்கோடு ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தான். கோலார் தங்கவயலில் சுரங்க விளக்குகளுக்குப் பாட்டரி ஏற்றியவன். வாசலில் அவன் மனைவி மேரி, எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் அழவில்லை.

"அவருக்குத் தூக்கா சார்?" என்று மட்டும் கேட்டாள். ஹெர்பர்ட் ஜெயவேலுவின் பக்கம் திரும்பினார்.

பாட்டரித் தண்ணீர் வாங்கப் போனதாகவும், கடை பூட்டியிருந்ததாகவும், 11.25க்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்ததாகவும் ஜெயவேலு சொன்னான். பார்த்த சாட்சி யாருமில்லை.

"கையைக் காட்டு."

இரண்டு உள்ளங்கையிலும் கிரீஸும் பழைய ஆசிட் தழும்பும்தான். புதுக் காயமே இல்லை.

"ஏன் சார் நான் அவரைக் கொல்லப் போறேன்? ஒரு நாள் கூட என்னை நீ, வா, போன்னு சொன்னதில்ல. வாங்க, போங்கதான். கூலிக்காரனை அப்படிக் கூப்பிடுற முதலாளி யார் சார் இருக்காங்க?"

மதியம் 12.30.

பிணத்தைப் பரிசோதித்த டாக்டர் வலது மேல்கையைக் காட்டினார். நான்கு விரல்களின் தடம் நீலம் பாய்ந்திருந்தது. சாவதற்குச் சற்று முன் யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

பின்தெருவில் கிருஷ்ணப்பாவின் வீடு. மனைவி சந்திரம்மா சுவரில் சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய சித்தப்பா கோவிந்தப்பா, தோளில் சால்வையோடு. கண்டோன்மெண்ட் ரயில் ஸ்டேஷன் வாசலில் ஓடும் முப்பது ஜட்கா வண்டிகளுக்குச் சொந்தக்காரர். காலையிலிருந்து குதிரை லாயத்தைவிட்டு நகரவே இல்லை என்றார். யாரோ கொண்டுவந்த காபியை ஹெர்பர்ட்டே வாங்கி நீட்டினார். பெரியவர் இடது கையால் வாங்கிக்கொண்டார். சாவு வீட்டில் அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

மதியம் 1.15.

சரசு வாலாஜா பக்கத்துப் பெண். கல்யாணமாகி பெங்களூர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது.

"காதுல விழுந்ததை அப்படியே சொல்லும்மா."

"மொதல்ல பீடி கேக்குறாருன்னு நெனச்சேங்க. அப்புறம்தான் பிடின்னு சொல்றாருன்னு புரிஞ்சிது."

"பீடியா?"

"எங்க வீட்டுக்காரரு பீடி பீடின்னு கேப்பாரே, அந்த மாதிரி சத்தம்."

ஹெர்பர்ட் கொட்டகைக்குத் திரும்பினார். கதவில் கிருஷ்ணப்பா கைப்பட எழுதிய அட்டை தொங்கியது: ‘இங்கே பீடி பிடிக்கக் கூடாது.’ பாட்டரி வாயு பற்றிக்கொள்ளும் என்று பயந்தவர் பீடி கேட்டிருக்க மாட்டார். ஹெர்பர்ட் அந்த அட்டையை வாய்விட்டு இரண்டு முறை படித்தார். பிரேசர் டவுனில் தமிழும் கன்னடமும் சேர்த்துப் பேசி வளர்ந்த வாய் அது. இரண்டாம் முறை படித்ததும், எல்லோரையும் கொட்டகைக்குக் கூட்டிவர ஜீப்பை அனுப்பினார்.

மதியம் 2.30.

கொட்டகையில் எல்லோரும் நின்றார்கள்.

"ஜெயராமன், நீங்க எழுதினதுல தப்பில்ல," என்றார் ஹெர்பர்ட். "தமிழ் எழுத்துல பீடிக்கும் பிடிக்கும் ஒரே ‘ப’தான். வாயில சொன்னா வேற வேற. சரசு கேட்டது பீடியில வர்ற அந்த அழுத்தமான ‘பி’. கன்னடத்துல அந்த ‘பிடி’க்கு அர்த்தம் என்ன?"

ஜெயராமன் தன் நோட்டைப் பார்த்தார். "விடுங்க..."

"கையை இறுக்கிப் பிடிச்சிருக்கும்போது மனுஷன் பிடின்னா கத்துவான்? விடுங்கன்னுதான் கத்துவான். ஜெயவேலுகிட்ட தமிழ்ல பேசியிருந்தா ‘பிடிங்க’ன்னு சொல்லியிருப்பார். அவர் பேசினது கன்னடம். அதுவும் மரியாதையா. சின்னவங்களா இருந்தா ‘பிடோ’ன்னிருப்பார். உயிர் போற நேரத்துலயும் ‘விடுங்க’ன்னு மரியாதை கொடுத்தார்னா, எதிர்ல நின்னவர் வீட்டுப் பெரியவர். கயித்தை விட்ட கையில தோல் உரிஞ்சிருக்கும். கோவிந்தப்பா, அந்த வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க."

சால்வை மெல்ல விலகியது. உள்ளங்கையில் குறுக்காகக் கயிற்றின் அகலத்துக்குச் சதை சிவந்து கிடந்தது.

கிழவர் மறுக்கவில்லை. நாளைக்குச் சோதனை வேண்டாம் என்று கெஞ்ச வந்தாராம். முப்பது குதிரையையும் கசாப்புக்கு அனுப்பவா என்று கேட்டாராம். பத்து வருஷத்தில் ரோட்டில் குதிரையே இருக்காது மாமா என்று கிருஷ்ணப்பா பெட்டிக்கடியில் நின்றபடியே சிரித்தானாம். பயமுறுத்தத்தான் வலது கையால் கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்தார். இடது கை அவன் கையைப் பிடித்திருந்தது.

சந்திரம்மா சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க விடுங்கன்னு அவன்தாம்மா கெஞ்சினான்," என்றார் கோவிந்தப்பா அவளிடம். "நான் கயித்தை விட்டுட்டேன்."

ஜெயவேலுவின் விலங்கைக் கழற்றினார்கள். மேரி அவன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.