பெரியம்மாவோடு பல் தேய்ப்பது யார்?

பெரியம்மா பல் தேய்க்கச் சம்மதித்தது வாலுவிடம் மட்டும்தான். அவனுடைய அக்கா பட்டு, பிரஷ்ஷை நீட்டினால், உதட்டை இறுக மூடிக்கொள்வார்.

பட்டுவுக்கு வயிறு எரிந்தது. அவளைத் தூக்கி வளர்த்தவரே பெரியம்மாதான். அப்போது இந்த வாலு பிறக்கக்கூட இல்லை. இப்போது பெரியம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய். பட்டுவை அடியோடு மறந்துவிட்டார். வாலுவைப் பார்த்தால் மட்டும், "வாடா ராஜா" என்கிறார்.

"உனக்குப் பொறாமை அக்கா" என்று அவன் வேறு கிண்டல் செய்தான்.

ஒருநாள் பெரியம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பிட மறுத்தார். அம்மா எல்லோரையும் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

"ஈறெல்லாம் வீங்கி ரத்தம் கசியுது. வீட்ல யாரு பல் தேய்ச்சு விடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தினான் வாலு.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஈறுகளைச் சுத்தம் செய்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: "ஈறு நோய்க்கும் இந்த மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. இன்னும் உறுதியாத் தெரியல."

பட்டு மெல்லக் கேட்டாள். "ஈறு சரியானா பெரியம்மாவுக்கு என்னை ஞாபகம் வந்துடுமா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஆனா வலி போயிடும். நிம்மதியா சாப்பிடுவாங்க."

மறுநாள் காலை பட்டு குளியலறைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் வாலுவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு நின்றார்கள். வாலு முன்பல்லை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்துத் துப்பினான். பெரியம்மாவும் அப்படியே செய்தார்.

'மாட்டிக்கிட்டான்' என்று பட்டு குதூகலித்தாள். அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தவள் சட்டென்று நின்றாள். வாலுவை விலக்கிவிட்டால் பெரியம்மா பிரஷ்ஷையே தொட மாட்டாரே. அதோடு இன்னொன்றும் அவளுக்குப் புரிந்தது. வாலு பெரியம்மாவுக்குத் தேய்த்துவிடவே இல்லை. அவன் செய்வதைப் பார்த்துத்தான் அவர் தேய்க்கிறார்.

பட்டு தன் பிரஷ்ஷை எடுத்து வந்து பெரியம்மாவின் மறுபக்கம் நின்றாள். ஈறை ஒட்டி, சின்னச் சின்ன வட்டமாக, கடைவாய்ப்பல் வரை நிதானமாகத் தேய்த்தாள். பெரியம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் கையும் மெதுவாகக் கடைவாய்க்குப் போனது. நுரை வழிந்து பட்டுவின் சட்டை நனைந்தது. அவள் நிறுத்தவில்லை.

அன்று முதல் தினமும் மூன்று பேரும் சேர்ந்து தேய்த்தார்கள்.

அடுத்த முறை டாக்டர் ஆச்சரியப்பட்டார். "ரத்தம் நின்னுடுச்சே. யாரு தேய்ச்சு விட்டது?"

பெரியம்மா பட்டுவின் கையைப் பிடித்தார். "இந்தப் பொண்ணு நின்னாதான் நான் தேய்ப்பேன்."

பெயர் நினைவுக்கு வரவில்லை. பட்டுவுக்கு அந்தப் பிடியே போதுமாக இருந்தது.

வாலுவின் முகம்தான் தொங்கிப்போனது. "முதல்ல நான்தானே கூட நின்னேன்" என்று முணுமுணுத்தான்.

அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று பட்டுவுக்குத் தெரியாதா என்ன? அவன் தோளில் கை போட்டாள்.

"நாளைக்கு நீ பெரியம்மா பக்கத்துல நில்லுடா. நான் உன் பக்கத்துல நின்னுக்கிறேன்."