குழியே இல்லாத ரோடு

"குழி!" என்றான் முன்னால் இருந்தவன். சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது.

முத்துமாரி பல்லைக் கடித்தாள். திருப்போரூர் தாண்டியதிலிருந்து இதே ரோதனை...

இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல் உள்ள நீளச் சைக்கிள் அது. பார்வை இல்லாதவர் பின்னால், பார்க்கிறவர் முன்னால். மூன்று நாள் லீவுக்கு அடையாறிலிருந்து இப்படிப் பல ஜோடிகள் கிராமத்துப் பக்கம் கிளம்பியிருந்தார்கள். களைத்தவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேனும் பின்னால் வந்தது. வழக்கமாக அவளுக்கு ஓட்டுகிற அனுவுக்குக் காய்ச்சல். கடைசி நேரத்தில் வந்து நின்றவன் இந்த மிக்கேல். பட்டினப்பாக்கத்துக்காரன். லேசாக மீன் வாசம், அதை மறைக்க ஒரு டப்பா பவுடர் வாசம்.

"ஒதுங்கி ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?"

"ரோடு அப்பிடி கீது. நான் இன்னா பண்றது?"

"ஒரு சிராய்ப்போட போனா எங்கண்ணன் இனிமே சைக்கிளே தொடவுடமாட்டான்."

"வுழமாட்டீங்க. நான் கீறேன்ல?"

"நீ கீறதுதான் பயமா கீது!"

அவன் சிரித்தான். கம்பி வழியாக அந்தச் சிரிப்பு அவள் கைக்கு வந்தது. பிடித்திருந்தது... அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

ஒன்றுதான் விளங்கவில்லை. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் இவன் கால் மிதிக்க மறந்துபோகிறது. மொத்த பாரமும் அவள் கால்மேல் விழுகிறது. ஏன்?

மழை பிடித்தது. டீக்கடையில் ஒதுங்கினார்கள்.

"ரோடு பூரா குழிம்மா," என்று கடைக்கார அம்மாவிடம் அலுத்துக்கொண்டாள்.

"குழியா? போன மாசம் போட்ட புது ரோடு கண்ணு. பாய் விரிச்சிப் படுக்கலாம்."

முத்துமாரி அவன் பக்கம் திரும்பினாள்.

"மிக்கேலு... இன்னா அது?"

"திரும்பிப் பாத்தேன். அதான் வண்டி ஆடிச்சு."

"எத்த?"

"உங்கள..."

இவனுமா?

"கண்ணு தெரியாத பொண்ணு, பாவம்னு வேடிக்கையா? பின்னால வர்ற வேனை நிறுத்து. நான் அதுல போறேன்."

"பாவமா! மேட்டுல நான் மூச்சு வாங்கி நின்னா, என்னையும் சேத்து இழுக்கிறீங்க. திட்டிக்கினே வர்றீங்க, நடுவுல காத்து அடிச்சா தனியா சிரிக்கிறீங்க. அந்தச் சிரிப்பப் பாக்கத்தான் திரும்பினேன். ஒருவாட்டியோட அடங்கல... எனுக்குப் புடிச்சிப்போச்சிங்க."

வேன் சத்தம் நெருங்கியது.

"கை காட்டட்டுமா?" அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

வேண்டாமென்று அவள் தலையசைத்தாள். வேன் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயே போய்விட்டது.

"எதிர்ல வந்து நில்லு," என்றாள்.

நின்றான். நனைந்த பவுடர் வாசம் கிட்டே வந்தது. அவள் முகத்தை நேராகத் தூக்கினாள். கன்னம் சுட்டது.

"மழை வுடுற வரைக்கும் நல்லா பாத்துக்கோ. அப்புறம் ரோட்டைப் பாரு..."

"எங்க அண்ணனுக்குப் பயந்தா?" என்று உளறினான்.

"உன் அண்ணனா? எங்கண்ணன்டா, மடையா!" சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். "அதுக்கில்ல... நீ வுழுந்தா எனுக்குத் தாங்காது."