ஆயிரம் வருடம் நிற்கும் பலகை

எதிரகழ்வியைத் தோளில் மாட்டிக்கொண்டு பூங்கோதை கரட்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மேளம் கொட்டி வரவேற்றார்கள். அளவெடுக்க வந்த அரசாங்க ஊழியருக்கு எதற்கு மேளம் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

காரணம் அந்தக் கருவிதான். மண், மழை, மனித நடமாட்டம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஆயிரம் வருடம் கழித்து அந்த இடத்தைத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்று எதிரகழ்வி இப்போதே திரையில் காட்டிவிடும். அப்படி மண்ணில் மிஞ்சும் தடம் கனமாகத் தெரிந்த ஊருக்கு அரசு அள்ளிக் கொடுத்தது. மெலிந்திருந்தால் பட்டை நாமம்தான்.

கரட்டூருக்குப் பக்கத்திலேயே தொல்லியல் மேடு. அங்கே தாழிகளுக்குக் குளிர்சாதனக் கூடம், தார்ச்சாலை, காவலாளி. உயிரோடிருக்கிற ஊருக்கு, மழை வெள்ளத்தில் ததும்பும் ஒரு கண்மாயும் இற்றுப்போன கரையும்.

“செத்தவன் பானைக்கு ஏசி போட்டிருக்காங்க மேடம். நாங்க கரைக்கு ரெண்டு லோடு மண்ணு கேட்டா நிதியில்லைங்கிறாங்க,” என்றார் ஊர்த்தலைவர் சூசைமாணிக்கம். “நல்ல தடமா காட்டிவிடுங்க. அந்தக் காசுல கரையை உசத்திக்கிறோம்.”

“நான் காட்டுறதுக்கு ஒண்ணுமில்லைங்க. இருக்கிறதுதான் தெரியும்.”

தெரிந்தது. வீடு வீடாகச் சாமான்கள், அடுப்பின் மேலேயே குக்கர்கள், சைக்கிள்கள், குழந்தைகளின் கொலுசுகள். கண்மாய்க்கரையில் நிமிர்ந்து நிற்கும் ஏதோ ஒரு தகரம். இவ்வளவு கனமான தடத்தை அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் அப்படியே தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டாள். ஊர் விசிலடித்தது. யாரோ கேசரி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கேசரியை வாயில் போடும்போதுதான் உறைத்தது. ஊரைக் காலி செய்கிறவர்கள் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு, உடைசலைத்தானே விட்டுப் போவார்கள்? அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு யார் போவார்கள்? திரையைப் பெரிதாக்கினாள். எல்லாவற்றின் மேலும் ஒரே படுகையாகக் கண்மாய் வண்டல்.

துறை இயக்குநரைப் போனில் கூப்பிட்டாள். “சார், கரை உடையப் போகுது. உடனே மண் போடணும்.”

“முடியாதும்மா. அது இப்போ எதிர்காலத் தொன்மையிடம். மண்வெட்டி படக்கூடாது. எச்சரிக்கைப் பலகைகூட அனுப்பியாச்சு.”

“ஜனங்களையாவது வெளியேத்துங்க சார்!”

“சாமானையும் தூக்கிட்டுப் போயிடுவாங்களே. அப்புறம் தடம்?”

அவள் தலைவரிடம் ஓடினாள். “எல்லாரும் சாமான் செட்டோட கிளம்புங்க. இன்னிக்கே!”

“கெளம்புனா தடம் மெலிஞ்சிரும்ல? காசு எப்படி வரும்? கரையை எதை வச்சுக் கட்டுறது?”

“கரைக்குப் பைசா வராதுங்க. தோண்டவே தடை போட்டுட்டாங்க.”

அவர் முகம் சுருங்கியது. “எங்க ஊருக்கு இப்பத்தான் ஒரு பேரு வந்திருக்கு. அது உங்களுக்குப் பொறுக்கலையாக்கும்,” என்று நகர்ந்துவிட்டார்.

சாயங்காலம் துறையின் வண்டி வந்தது. தகரப் பலகையை இறக்கினார்கள். ‘இங்கே தோண்டுவது தண்டனைக்குரிய குற்றம்.’ நாலு பக்கமும் தெரிய வேண்டுமென்று அதைக் கண்மாய்க்கரை மேல் சுமந்துபோனார்கள். கடப்பாரையைத் தலைவரே பிடித்தார்.

“அங்க தோண்டாதீங்க!” என்று கத்திக்கொண்டே பூங்கோதை கரையேறினாள். மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது குழியின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

“ஈரமண்ணு மேடம்,” என்றார் தலைவர், கோபமெல்லாம் மறந்து. “கெட்டிப்பட்டுருச்சுன்னா பலகை அசையாம நிக்கும்.”

நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். திரையில் பார்த்திருந்தாள்.