ஒளிராதவர்களுக்கான மருந்து

விருது கொடுத்தாலும் அந்த விருதையும் துடைத்துப் பராமரிக்க மங்களேஸ்வரிதான் வேண்டியிருந்தது. ஓசூர் மின்கலத் தொழிற்சாலையின் வரவேற்புக்கூடத்தில் சிறந்த ஊழியர்கள் முப்பத்தொரு பேரின் முகங்கள் ஊதாவிளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. அவரவர் உள்ளங்கையிலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து, ஒளிமரபணு ஏற்றி, கூழ்த்தட்டில் வளர்த்து வரைந்த உயிரோவியங்கள். முப்பத்தொன்றாவது முகம் அவளுடையது. அவள் கேட்டதென்னவோ விடுப்புதான்.

நுண்ணுயிருக்கு ஒளிர்வது வெட்டிச் செலவு. ஊதா வெளிச்சத்தை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தரும் புரதத்தைச் செய்தே அதன் தெம்பில் பாதி போய்விடும். அதனால் சில, சந்தடி சாக்கில் அந்த மரபணுவைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தின்று கொழுக்கும். சில நாளில் பெருகிக் கண்ணையும் மூக்கையும் இருட்டாக்கிவிடும். அவற்றை ஒழிக்கத்தான் மருந்து. ஒளிமரபணுவோடு மருந்தைத் தாங்கும் சக்தியையும் சேர்த்தே கட்டிவிட்டிருந்தார்கள். ஒளிர்வது பிழைக்கும், நிறுத்தியது சாகும். தினமும் காலையில் புதிதாகக் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவளுக்கு மனசே வருவதில்லை. பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்க நினைத்த குற்றம்தானே!

"சார், மதுரையில வீட்டுக்காரருக்கு ஹார்ட் ஆபரேஷன். கூட இருக்க வேற ஆளில்ல. எட்டு நாள் லீவு வேணும்" என்றாள் மேலாளர் குணாளனிடம், நான்காவது முறையாக.

"ஆண்டு விழா வருதேம்மா. உங்க மொகத்த நீங்களே பாத்துக்கலன்னா வேற யாரு பாப்பா?"

நியாயம்தானே என்று ஒரு நிமிடம் அவளுக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதில்தான் பயந்துபோனாள். மருந்து கலக்கும் முறையை ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு, மாலைப் பேருந்தைப் பிடித்தாள்.

ஏழாம் நாள், கணவர் முதன்முதலாக எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது குணாளன் அழைத்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! முப்பத்தொரு மொகமும் சுத்தமா இருண்டுபோச்சு. நாளைக்கு விழா!"

"அந்தத் தாள பாத்தீங்களா சார்?"

"இன்னிக்குத்தான் பாத்தேன். ஒடனே மருந்த ரெண்டு மடங்கா விட்டுட்டேன். சோம்பேறி எல்லாம் செத்துரும்ல?"

"செத்துரும் சார்."

"அப்போ மிச்சம் இருக்கிறதெல்லாம் நாளைக்குப் பளிச்சுனு ஒளிரும்ல?"

மங்களேஸ்வரி காலிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"மிச்சம் யாரு சார் இருக்கா?"