பத்து போர்ட்டிலும் லோகா

ஆறு மணிக்கு எழுந்தேன். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, பாதியைக் கீழே ஊற்றினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். எட்டே முக்காலுக்கு சரவணம்பட்டியில் பஸ் ஏறி கணபதியில் இறங்கினேன். ஆபீஸ் சர்வர் அறையில் ஏசியைப் போட்டேன்.

எங்கள் கம்பெனி பனியன்களுக்கு டிசைன் செய்கிறது. வெளியாட்கள் வரையும் ஃபைல்கள் டெலிபோன் லைன் வழியாக எஃப்.டி.பி. சர்வருக்கு வரும். பாஸிவ் மோட் என்ற முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் சர்வர் தனியாக ஒரு போர்ட், அதாவது ஒரு வாசல், திறக்கும். வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலில் பத்து போர்ட்டுக்குத்தான் வழி விட்டிருந்தேன். பத்தும் அடைந்தால் அடுத்த ஆள் வெளியே நிற்க வேண்டும்.

மணி பத்து நாற்பதுக்கு எல்லாம் அடைந்தது.

பத்திலும் ஒரே பெயர். லோகா.

லோகப்பிரியா என் மனைவி. வீட்டிலிருந்து டிசைன் அனுப்புவாள். கடைசியாக அனுப்பிய அன்றைக்கு லைன் சரியில்லை. அறுந்து அறுந்து மறுபடி அனுப்பினாள். பழைய இணைப்புகள் மூடாமலே கிடந்து, பத்து போர்ட்டும் அவளிடமே மாட்டிக்கொண்டன. முதலாளி சொன்னார், அவள் இணைப்புகளைக் கட் பண்ணினேன். அவள் டிசைனை ஃபிளாப்பியில் ஏற்றி எடுத்துக்கொண்டு டி.வி.எஸ். ஃபிஃப்டி வண்டியில் கிளம்பினாள். ஆபீசுக்கு நூறடி முன்னால், திருப்பத்தில், லாரி.

நாற்பத்தொரு நாள் ஆகிறது.

முதலாளி பாலகோபால் உள்ளே வந்தார். "என்ன தம்பி, மறுபடியும் அடைச்சுக்கிச்சா? ஆர்டர் குடுத்த பார்ட்டி ஃபைலுக்கு நிக்கறாங்க. மத்தியானத்துக்குள்ள வரலீன்னா ஆர்டரே போயிருமுங்க."

திரையைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"இந்தப் பேரு…"

"போன வாரமே அழிச்சுப்போட்டேனுங்க."

"போர்ட்டைக் கூட்டி உடுங்க."

இருபது ஆக்கினேன். இருபதும் அடைந்தது. ஐம்பது ஆக்கினேன். ஐம்பதும் லோகா. ஒரு எழுத்துகூட உள்ளே வரவில்லை. திறந்து மட்டும் இருந்தன.

"கட் பண்ணிப்போடுங்க, தம்பி."

பண்ணினேன்.

மூடிய அறையில் பெட்ரோல் வாசனை வந்தது.

பன்னிரண்டு நிமிடம் கழித்து, வெளியே சத்தி ரோட்டில் அவள் வண்டிச் சத்தம். சைலன்சர் ஓட்டை. மாற்றித் தருகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நெருங்கியது.

திருப்பத்தில் பிரேக் கிறீச்சிட்டது.

பிறகு ஒன்றுமில்லை.

பாலகோபால் ஜன்னலுக்கு ஓடினார். "ரோட்டுல ஒண்ணுமே இல்லீங்க தம்பி," என்றார். "உங்களுக்கும் கேட்டுச்சுங்களா?"

நான் திரையைப் பார்த்தேன். ஐம்பதும் மறுபடி அடைந்திருந்தது.

"தொடாதீங்க," என்று முணுமுணுத்தார். "அப்படியே உட்டுருங்க."

தொடவில்லை. பெட்ரோல் வாசனை மெல்லப் போனது. திரையில் முதல் வரிசை மட்டும் அசைந்தது. ஃபைல் வர ஆரம்பித்திருந்தது. அன்றைக்குப் பாதியில் நின்ற அதே ஃபைல். எழுபது சதவீதம். எண்பது.

டெலிபோன் அடித்தது. பார்ட்டி. பாலகோபால் கேட்டார், "சரிங்க, சரிங்க" என்றார், வைத்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இன்னும் ஒரே ஒருக்கா."

"அவ கிளம்பிருவாளுங்க," என்றேன்.

தொண்ணூற்றாறு.

என் கை எழவில்லை. அவர் என் தோளுக்கு மேலே கையை நீட்டி என்டரைத் தட்டினார்.

பெட்ரோல் வாசனை.

அன்றைக்கு நான் கட் பண்ணுவதற்குச் சற்று முன், எங்கள் வீட்டு லைனில் மோடம் ஓடிக்கொண்டிருந்ததால், அவள் பக்கத்து வீட்டிலிருந்து எனக்குப் போன் பண்ணினாள்.

"ஏனுங்க, இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. கட் பண்ணிப்போடாதீங்க."