கறுப்பு கேனும் காணாமல் போன பசையும்

லேப் போன் அலறியது.

ஜெயப்ரியா எடுத்தாள். கேட்டில் போலீஸ்!

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்தப் பசை கம்பெனியில் அவள்தான் கெமிஸ்ட். ஆமணக்கு எண்ணெயிலிருந்து இரண்டு வருஷம் மல்லுக்கட்டிச் செய்த பசை. முழுசாக ஒரு லிட்டர் காலையிலிருந்து காணோம். கறுப்பு கேன் மட்டும் ஷெல்ஃபில் காலியாகக் கிடந்தது.

லேப் சாவி இரண்டே இரண்டு. ஒன்று இவளிடம். இன்னொன்று மேனேஜர் சுரேந்தரிடம்.

"இந்தம்மாதான் சார்," என்றான் சுரேந்தர், இன்ஸ்பெக்டர் ஆஞ்சப்பன் உள்ளே நுழைந்ததுமே. "பெங்களூர் பார்ட்டிக்குக் கை மாத்தியிருப்பாங்க."

அடப்பாவி... நேற்று வரை 'மேடம், மேடம்' என்று குழைந்தவன்!

ஆஞ்சப்பன் அவள் பையைக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், குடை, தலைவலித் தைலம். அவ்வளவுதான். ஆனாலும் அவர் பார்வை அவளை விடவில்லை.

"ஏம்மா, நீயா சொல்லிட்டா நல்லது. இல்லன்னா ஸ்டேஷனுக்குக் கெளம்பு."

"நான் எடுத்திருந்தா கேனோட எடுத்திருப்பேங்க சார்." காலி கேனைத் தூக்கிக் காட்டினாள். "இத வேற எதுலயோ ஊத்துனவங்களுக்கு இந்தப் பசையப் பத்தி ஒண்ணுந் தெரியாது."

"எப்படிச் சொல்ற?"

கேன் அடியில் மிச்சமிருந்த ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வழித்தாள். மஞ்சள் விளக்கின் கீழே எண்ணெயாக ஓடியது. ஜன்னலைத் திறந்து வெயிலில் நீட்டினாள்.

ஒரு நிமிஷம்... இரண்டு...

ஆஞ்சப்பன் நகத்தால் சுரண்டினார். அசையவில்லை.

"வெயில் பட்டா இறுகிடும் சார். அதுக்குத்தான் மஞ்ச லைட்டு, கறுப்பு கேனு."

சுரேந்தருக்கு வியர்த்தது. அவன் பாக்கெட்டில் போன் அடித்தது. கட் செய்தான். மறுபடியும் அடித்தது.

"எடுங்க," என்றார் ஆஞ்சப்பன். "ஸ்பீக்கர்ல போடுங்க."

கன்னடம் கலந்த தமிழ் சீறியது.

"ஏனு சுரேந்தர் சார், வெளையாடறீங்களா? பசைன்னு தண்ணி பாட்டில்ல குடுத்தீங்க... பைக்ல மாட்டிட்டு அத்திப்பள்ளி வர்றதுக்குள்ள கல்லாயிட்டுது!"

ஜெயப்ரியா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனையும் நிம்மதி.

"சார்... வெளிய தெரிஞ்சா என் மானமே போயிடும் சார்," என்று காலில் விழப் போனான் சுரேந்தர்.

ஆஞ்சப்பன் அவன் தோளில் கை போட்டார்.

"பயப்படாதீங்க. நம்ம லாக்கப்புல ஒரு பொட்டு வெயில் படாது. எத்தன நாள் வெச்சிருந்தாலும் இறுகாம ஃப்ரெஷ்ஷா இருப்பீங்க."