அடித்தால் இறுகும் துணி

காலை பத்தரை மணிக்குச் சங்கு ஊதியது. தூத்துக்குடி உப்பளத்தில் யாரும் ஓடவில்லை. லீதியாள் கையிலிருந்த பலகையை வரப்பில் வைத்துவிட்டு, எண்ணி எண்ணி அடி வைப்பவள்போல் தன் பாத்திக்குப் பக்கத்திலிருந்த காற்றரணுக்கு நடந்தாள். உடைந்த செயற்கைக்கோள்களின் துண்டுகள் விழ இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

காற்றரண் அதற்குள் ஊதிப் பெருத்து, கூடாரமாக எழும்பியிருந்தது. அதன் துணி தொட்டால் பஞ்சு. அடி பட்டால் நொடியில் கல். வாசல் மடிப்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால்தான் வழி விடும். வேகமாக வருவது இரும்பா மனிதனா என்று அதற்குத் தெரியாது.

லீதியாள் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் மடிப்பில் தடதடவென்று அடி விழுந்தது. அவள் கணவனின் தங்கை எஸ்தர். வேலைக்கு வந்து நாலே நாள்.

"மைனி! தொறங்க மைனி!"

"அடிக்காத எஸ்தரு! அடிச்சா இறுகும்னு சொன்னேன்லா!"

"வானத்துல கோடு கோடா வருது மைனி!"

லீதியாள் உள்ளிருந்து அவசரமாகத் தள்ளினாள். துணி அவளுக்கும் கல்லானது. கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள்.

"மேல பாக்காத. தூங்குற பிள்ள முதுகத் தடவுவேல்லா, அப்படித் தடவு. நானும் இங்கன தடவுதேன்."

அடிகள் நின்றன. விசும்பல் கேட்டது. பிறகு மடிப்பு குழைந்து, உப்பு ஒட்டிய ஐந்து விரல்கள் உள்ளே வந்தன. லீதியாள் இழுக்கவில்லை. இழுத்தால் தொலைந்தது. முழங்கை, தோள், முகம் என்று எஸ்தர் ஊர்ந்து வந்து அவள் மடியில் விழுந்தாள்.

உடனே மறுபடி அடி. லாரி ஓட்டும் தங்கபாண்டியின் குரல். "ஏ, யாரு உள்ள? ஐயோ, தொறங்க!"

"அண்ணாச்சி, மெதுவா!" இருவரும் கத்தினார்கள். அவர் காதில் ஏறவில்லை. தோளால் மோதினார், காலால் உதைத்தார். அப்புறம் சுவர் முழுவதும் ஒரே சமயத்தில் அதிர்ந்தது. கூரை கல்லாகி, பின் இளகியது. வெளியே சத்தமில்லை.

அபாயம் நீங்கிய சங்கு ஊதியபின் வெளியே வந்தார்கள். தங்கபாண்டி வாசலிலேயே கிடந்தார். விரல் முட்டிகள் தோலுரிந்திருந்தன. துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

எஸ்தர் தன் சேலை முந்தானையால் அவர் முகத்தை மூடினாள்.

"பயந்தது ஒரு குத்தமா மைனி?"

லீதியாள் வாசல் மடிப்பில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள். அது வழி விட்டது.